நான்கு பருவமும் மூன்று மழையும்

என் மருமகள் புதுச்சேரியில் அரசுப் பள்ளி ஆசிரியை. அவள் வகுப்பில் இப்போது பீகார், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். “இத்தனை விதமான பிள்ளைகளுக்கு ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு எப்படி மாமா சொல்லிக்கொடுக்கிறது?” என்று போன வாரம் கேட்டாள். இந்த ஊருக்கு இது பழைய கேள்வி.

1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ராஜாங்கக் கல்லூரி தொடங்கியபோது அது ஐரோப்பியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. அந்த நூற்றாண்டில் எந்தச் சாதிப் பிள்ளை எந்தப் பள்ளியில் சேரலாம், யார் பக்கத்தில் உட்காரலாம் என்பதே ஓயாத வழக்கு.

நான் படிக்கப் போனபோது காலம் மாறியிருந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதியே நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். என் பெஞ்சில் மூன்று பேர். ஒருவன் மாஹேக்காரன், அப்பாவுக்கு இங்கே மாற்றல். இன்னொருவனின் அப்பா சைகோனில் சொல்தாவாக இருந்து திரும்பியவர், அம்மா வியட்நாம்காரர். மூன்றாவது நான், முத்தியால்பேட்டைத் தமிழன்.

புத்தகமோ பிரான்சிலிருந்து வந்தது. அதில் எல்லோருக்கும் ஒரே பாடம், வேற்றுமை கிடையாது. அது அதன் பெருமை. ஆனால் எங்களில் ஒருவர் வீடும் அதில் கிடையாது. வருஷத்துக்கு நான்கு பருவம் என்றும், குளிர்காலத்தில் பனி கொட்டும் என்றும் போட்டிருந்தது. நாங்களும் பார்க்காத பனியை மனப்பாடம் செய்தோம்.

1960 வாக்கில் ஒருநாள் எங்கள் முசியே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “உங்கள் ஊரில் மழை எப்போது?” என்று கேட்டார். நான் ஐப்பசி, கார்த்திகை என்றேன். வாயே திறக்காத மாஹேக்காரன் எழுந்து, “இல்லை முசியே, ஜூனில்” என்றான். வியட்நாம்காரரின் மகன், “சைகோனில் மே மாதமே தொடங்கிவிடும் என்று அம்மா சொல்வார்” என்றான். அவன் வீட்டுப் பேச்சை வகுப்பில் எடுத்தது அன்றுதான். மூன்று மழையையும் பிரெஞ்சு வாக்கியங்களாகக் கரும்பலகையில் எழுதினார். மறுநாள் டிக்டேஷன் அதுதான். என் நோட்டில் முதல்முறையாகப் பிழை குறைந்திருந்தது.

1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வாழ்கிறவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாதவர்கள் இந்தியர். சொல்தா எழுதினார், சில வருஷத்தில் குடும்பமே பிரான்சுக்குப் போனது. மாஹேக்காரனும் அப்பாவோடு ஊர் திரும்பினான். என் அப்பா எழுதவில்லை என்றே நினைத்திருந்தேன். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் அந்த மனு கிடைத்தது. எழுதி, கையெழுத்தும் போட்டு, கொடுக்காமல் வைத்திருந்தார். ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

பிறகு நான் அரசாங்க குமாஸ்தாவானேன். ஒரே பெயர் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஒரு எழுத்துக்கூட்டில் இருக்கும், இங்கிலீஷ் சான்றிதழில் வேறு மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று குறிப்பெழுதுவதிலேயே என் சர்வீஸில் பாதி போயிற்று. காகிதம் ஒரு மனிதனுக்கு ஒரு வீட்டைத்தான் ஒப்புக்கொள்ளும். அந்தக் கரும்பலகை ஒரு மணி நேரம் மூன்று வீட்டை ஒப்புக்கொண்டது.

மருமகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “புத்தகத்தை மாற்ற உன்னால் முடியாதம்மா. அவர்கள் ஊரில் மழை எப்போது என்று முதலில் கேள்” என்றேன். நேற்று வந்து சொன்னாள்: ஒடிசாப் பையன் ஒருவன் புயலைப் பற்றி அரைகுறைத் தமிழில் கால் மணி நேரம் பேசினானாம்.