வெள்ளானூர் திண்ணையில் ஒரு சீமை இன்ஜின்

1955, ஜனவரி. ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. 'சோஷலிச பாணி சமுதாயமே நம் லட்சியம்' என்று தீர்மானம் போட்டார்கள். இது சரித்திரப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதே வருடம் சென்னையின் வடகோடியில் நடந்த இன்னொரு காரியத்தை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மெட்ராஸ் மோட்டார்ஸும், இங்கிலாந்தில் ரெடிட்ச் என்கிற ஊரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டும் கைகோத்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பித்தார்கள். தொழிற்சாலை, திருவொற்றியூரில்.

இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. ஆவடியை அடுத்த வெள்ளானூரில் இன்றைக்கு ஒருவர் தாத்தா ஓட்டிய புல்லட்டின் இன்ஜினை வீட்டுத் திண்ணையிலேயே பிரித்து மாட்ட முடிகிறதென்றால், அதற்கு இந்த இரண்டும்தான் காரணம்!

எல்லையில் ரோந்து சுற்ற ராணுவத்துக்கு முரட்டு வண்டி தேவைப்பட்டது. 350 சிசி புல்லட் பிடித்துப்போனது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1957-ல் பாகங்களைச் செய்யும் அச்சுகளும் கருவிகளுமே விலைக்கு வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயார்.

அப்புறம்? அப்புறம் ஒன்றுமே மாறவில்லை! வெளிநாட்டு வண்டிக்கு இறக்குமதித் தடை. உள்ளூரில் தொழில் நடத்த லைசென்ஸ் கெடுபிடி. போட்டியே இல்லாதபோது எதற்காக மாற்ற வேண்டும்? ரெடிட்ச் தொழிற்சாலையை 1967-ல் மூடினார்கள். 1970-ல் இங்கிலாந்தில் கம்பெனியே காலி. இங்கேயோ அதே 346 சிசி, அதே 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தோம் என்றால் பாருங்கள்!

'ஐம்பது வருஷமா அதே இன்ஜினா?' என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. நியாயமான கிண்டல்தான். ஆனால் அந்தத் தேக்கத்திலிருந்து ஒரு வித்தை பிறந்தது. பாகம் மாறாததால், அப்பன் கற்றது பிள்ளைக்கும் செல்லுபடியானது.

திண்ணைக்கு வருவோம். முதல் வில்லன் ஸ்பேனர். பழைய புல்லட்டில் பல நட்டுகள் இங்கிலீஷ் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். ஆயில் பம்ப்பைச் சுற்றுகிற 'வார்ம்' நட்டுக்கு மரையே தலைகீழ். தெரியாமல் வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும்! கேஸிலிருந்து பேரிங் வரவில்லையா? சுத்தியல் வேண்டாம். சூடாக்கினால் அலுமினியம் அதிகம் விரியும். பேரிங் தானாகக் கழன்றுகொள்ளும். (பெட்ரோலில் கழுவியதை ஈரத்தோடு அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள், சாமி!) சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ரீ-போர். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் 20 பங்கு, 40 பங்கு, 60 பங்கு பெரிய பிஸ்டன் கிடைக்கும். 60-ஐத் தாண்டினால் புது ஸ்லீவ்தான்.

இந்த வேலைக்கு மேற்குச் சென்னையைப் போல் தோதான இடம் அபூர்வம். அம்பத்தூரில் 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ். 1960-களில் தொழிற்பேட்டை. ஆவடி டேங்க் ஃபேக்டரியிலிருந்து 1965-ல் 'விஜயந்தா' டேங்க் வெளியே வந்தது. வீட்டுக்கு வீடு ஃபிட்டர், டர்னர். ஷிஃப்ட் முடிந்து வருகிற மாமாவிடம் போர் அளவைச் சரிபார்த்துத் தரச் சொல்லலாம்.

கடைசிப் பரீட்சை, ஸ்டார்ட் செய்வது. கிக்கரை மெதுவாக அமுக்க வேண்டும். ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஷரை இழுத்துப் பிடித்து இன்னும் கொஞ்சம் அமுக்கி, விட்டுவிட்டு, ஒரே உதை. மேனுவலில் படித்தால் மட்டும் வராது. காலுக்குத் தெரிய வேண்டும்.

அந்தக் காஸ்ட் அயர்ன் இன்ஜின் இப்போது உற்பத்தியில் இல்லை. 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 விதிக்குப் பிறகு புது புல்லட்டில் கார்புரேட்டரும் கிடையாது. கம்ப்யூட்டர்தான் பெட்ரோல் அளக்கிறது. புகை குறைவு, நல்லதுதான். 2021-ல் மத்திய அரசு, ஐம்பது வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 'விண்டேஜ்' அந்தஸ்து கொடுத்து, நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்று தனி எழுத்தும் ஒதுக்கியது.

சரி, வண்டிக்கு அந்தஸ்து கிடைத்துவிட்டது. சத்தத்தைக் கேட்டே 'டேப்பெட் லூஸு' என்று சொல்கிற பழைய மெக்கானிக்குக்கு? அவருக்கும் வயதாகிறது, பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் பையன்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வீட்டில் ஒரு பழைய புல்லட் தூங்கினால், அவர் இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். பிஸ்டன் எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.