கர்ணத்துக்கு ஆங்கிலம்

தென்னார்க்காடு மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி தாலுகாவில் 1980 வரை ஊர்க் கணக்கு எழுதியவர் கர்ணம். வரி தண்டியவர் மணியக்காரர். அவரே கிராம முன்சீப். இவர்களுக்குக் கீழே தலையாரியும் வெட்டியானும் இருந்தார்கள். இந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தேவை கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியோடு வந்தது.

கடற்கரையில் ஆங்கிலேய வணிகர்கள், கணக்கு எழுதிய கணக்குப்பிள்ளையைக் காதில் விழுந்தபடி ‘கானிக்கோபோலி’ என்று எழுதிக்கொண்டார்கள். 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலும் அந்தச் சொல் ஏறியது. கொச்சைதான், ஆனாலும் பின்னால் வருவாய்த் துறை கர்ணத்துக்குச் சூட்டிய ‘வில்லேஜ் அக்கவுண்டன்ட்’ என்ற பெயரைவிட அதில் பிழை குறைவு. அக்கவுண்டன்ட் என்றால் பணக்கணக்கு. கர்ணம் எழுதிய அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கில் இருந்ததோ புல எண், பரப்பு, நின்ற பயிர், பாய்ந்த தண்ணீர். ஜூலையில் தொடங்கும் பசலி என்ற வருவாய் ஆண்டுக்கு ஒன்றாக அந்தக் கணக்கு எழுதப்பட்டது.

முன்சீப் கதை வேறு. நியாயம் தீர்ப்பவர் என்று பொருள்படும் இந்த அரபுச் சொல்லை ஊர்த்தலைவருக்குச் சேர்த்தது 1816-ஆம் ஆண்டின் 4-ஆம் ஒழுங்குவிதி. சில்லறை வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் அதனால் வந்தது. வழக்கு விசாரணை தேய்ந்த பிறகும், வரி தண்டியவர் முன்சீப்பாகவே நீடித்தார்.

இதே தாலுகாவின் கல்வராயன் மலையில் சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற பரம்பரைத் தலைவர்களை ஆவணங்கள் ஜாகீர்தார் என்றன. ஆள்பவர் சேவைக்கு ஈடாகத் தரும் நிலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல் ஜாகீர். மலையாளி எனப்படும் மலைப் பழங்குடிகளின் தலைவர்களுக்கு அது இரவல் சட்டைதான். 1976-இல் அரசு அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது.

மொழிபெயர்ப்பில் அதிகம் இழந்தவர் வெட்டியான். தண்டிய பணத்தைத் தாலுகா கஜானாவுக்குச் சுமந்தவர், ஊருக்கு வரும் அதிகாரிக்கு வழிகாட்டியவர், சுடுகாட்டைப் பார்த்துக்கொண்டவர். ஆங்கிலத்தில் கீழ்நிலை ஏவலாளைக் குறிக்கும் ‘மீனியல்’ என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. கூலியில்லாக் கட்டாய வேலையைக் குறித்த ‘வெட்டி’ அந்தப் பெயருக்குள்ளேயே இருந்ததை மொழிபெயர்த்தவர்கள் காட்டவில்லை.

பரம்பரைக் கிராமப் பதவிகளுக்கு 1895-இல் தனிச் சட்டமே இருந்தது. 1980 நவம்பர் 14-இல் வந்த அவசரச் சட்டம், பசலி 1390-இன் நடுவிலேயே, இவர்கள் வகித்த பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. உச்ச நீதிமன்றமும் 1982-இல் அதை ஏற்றது. கர்ணமும் மணியக்காரரும் பார்த்த வேலை கிராம நிர்வாக அலுவலருக்குப் போனது. பேச்சில் அவர் வி.ஏ.ஓ.

1956-இன் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பின் மொழிபெயர்ப்பு எதிர்த்திசையில் நடந்தது. வரி தண்டுபவர் என்று பொருள்பட்ட கலெக்டர் ‘ஆட்சியர்’ ஆனார். மூலத்தைவிட மொழிபெயர்ப்பே அவருடைய வேலையைச் சரியாகச் சொன்ன அபூர்வ இடம் இது. கள்ளக்குறிச்சிக்கென்று தனி ஆட்சியர் 2019-இல் வந்தார். தாலுகா அலுவலகப் பலகையில் ‘வட்டாட்சியர்’ என்றிருக்கிறது. மனு கொடுக்க வருபவர்கள் கேட்பது தாசில்தாரை.