முட்டையின் எந்த முனை? - கணனிகளிடையே ஒரு பொது நியமத்தின் வரலாறு
வெவ்வேறு நிறுவனங்கள் ஆக்கிய கணனிகள் ஒரே பணியைப் பகிர்ந்து செய்யவேண்டுமாயின், எண்களை எழுதும் முறையில் அவை முதலில் உடன்படல் வேண்டும். இஃது அற்பச் செய்தியாகத் தோன்றலாம். ஆயின் 1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360, நான்கு பைற்றுகள் கொண்ட எண்ணின் பெருமதிப்புப் பகுதியை முதலில் வைத்தது. 1977இல் வெளிவந்த வக்ஸ் கணனியோ சிறுமதிப்புப் பகுதியை முதலில் வைத்தது. ஒன்று அனுப்பும் ‘1’ என்ற எண்ணை மற்றையது அவ்வாறே வாசிப்பின் அது 16,777,216 ஆகிவிடும்.

இப்பிணக்குக்குப் பெயர் சூட்டியவர் டனி கோஹன். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காகப் போரிட்ட, சுவிஃப்ற் படைத்த லில்லிப்புற் மக்களை 1980 ஏப்பிரல் முதலாம் நாளிட்ட குறிப்பொன்றில் அவர் நினைவூட்டினார். எம்முறை சிறந்தது என்பதிலும், ஒரு முறையில் உடன்படுவதே முக்கியம் என்பது அவர் வாதம்.

அவ்வாதத்தை முழுமையாக ஏற்றல் அரிது. உடன்பாட்டின் செலவை யார் சுமப்பது என்ற வினாவை அது தொடவில்லை. சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1987இல் வெளியிட்ட எக்ஸ்.டி.ஆர். நியமம், அனுப்பப்படும் எண் யாவும் பெருமதிப்பு முன்வரும் முறையிலேயே அமைதல் வேண்டும் என விதித்தது. அந்நிறுவனத்தின் அக்காலக் கணனிகளிற் பெரும்பாலானவை அம்முறையினவே என்பது நோக்கற்பாலது! அவற்றுக்கு மாற்றும் வேலை இல்லை. இரு வக்ஸ் கணனிகளோ, தம்முள் உரையாடும்போதும், அனுப்புகையில் ஒருமுறையும் பெறுகையில் ஒருமுறையும் எண்ணைத் திருப்பவேண்டியிருந்தது. மாற்றுவதற்குச் செல்லும் நேரம் பொருட்படுத்தத்தக்கதன்று என்பதே நியமத்தார் தந்த விடை.

அப்பலோ நிறுவனம் வேறு வழியை நாடியது. அனுப்புவோர் தம் முறையிலேயே எழுதி, அஃது எம்முறை என்பதற்கு ஓர் அடையாளமும் இடுவர். வேண்டின் பெறுவோரே திருத்திக்கொள்வர். 1988இல் அமைந்த திறந்த மென்பொருள் மன்றம் தன் பரம்பற் கணிப்புச் சூழலுக்கு இதனையே கொண்டது. கோர்பா நியமத்தின் இரண்டாம் பதிப்பும் இவ்வழியே சென்றது. இங்கு எவர் முறையும் தாழ்த்தப்படவில்லை. எனினும் மன்றத்தின் நியமம் பின்ன எண்களுக்கு ஐ.இ.இ.இ., வக்ஸ், கிறே, ஐ.பி.எம். என நான்கு வடிவங்களை அனுமதித்தமையால், பெறுவோர் நான்கையும் அறிந்திருத்தல் அவசியமாயிற்று. சமத்துவத்துக்கும் ஒரு விலை இருந்தது.

இன்று சிறுமதிப்பு முன்வரும் கணனிகளே பெரும்பான்மை. ஆயினும் இணையப் பொதிகளின் தலைப்பிலுள்ள எண்கள் பழைய உடன்பாட்டின்படி பெருமதிப்பு முன்வரவே எழுதப்படுகின்றன. இரு முனையிலும் அவை நாள்தோறும் திருப்பப்படுகின்றன.