கொள்ளைநோய்க் காலத்துத் தனிமையும் மார்ட்டின் லுத்தரும்

கொள்ளைநோயைக் குறித்து 1527-ஆம் ஆண்டில் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறுநூலை நம் வாசகர் அறிவர். 2020-இல் ஆலயக் கதவுகள் அடைபட்டபோது அது மீண்டும் பலரால் எடுத்தாளப்பட்டது. வீட்டைப் புகையிட்டுத் தூய்மை செய்தல், தேவையின்றிப் பிறரை அணுகாதிருத்தல் ஆகிய ஆலோசனைகளே பெரிதும் பேசப்பட்டன. அவற்றை எழுதியவருடைய அந்நாளைய உள்ளநிலையை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அவ்வாண்டு ஜூலை 6-ஆம் நாள் லுத்தர் மயங்கி வீழ்ந்தார். உடல்நோயினும் கொடிதாய் உள்ளத்தின் இருள் அவரைக் கவ்வியது. கிறிஸ்துவையே இழந்துவிட்டோமோ என்று அஞ்சினார். ஆகஸ்டில் விட்டன்பர்க் நகருக்குள் கொள்ளைநோய் புகுந்தது. பல்கலைக்கழகம் யேனாவுக்கு மாறிற்று. அரசர் பணித்தும் லுத்தர் அகலவில்லை. மனைவி கத்தரீனாள் கருவுற்றிருந்தார், குழந்தை நோயுற்றது, வீடே மருத்துவமனையாயிற்று. தமக்காக ஜெபிக்கும்படி நண்பர்களுக்குப் பலமுறை எழுதினார். ஊரைவிட்டுப் போகாத போதகர் பூகன்ஹாகன் நவம்பரில் குடும்பத்தோடு லுத்தரின் வீட்டிற்கே வந்து தங்கினார்.

இப்பின்னணியில் வாசிக்கும்போதுதான் அச்சிறுநூல் விளங்கும். நோயைப் பரப்பாதபடி விலகி நிற்பதை அது கடமையென்கிறது. அயலானைக் கவனிப்பாரின்றி விட்டோடுவதையோ பாவமென்கிறது. விலகுதல் வேறு, கைவிடுதல் வேறு.

தாம் பட்ட பாடு பின்னர்ப் பிறர்க்குப் பயன்பட்டது. 1532-இல் நார்ட்ஹவுசன் நகரின் காவற்படைத் தலைவர் யோனாஸ் வான் ஸ்டாக்ஹவுசன் வாழ்வை வெறுத்துச் சாக விரும்பினார். தற்கொலை செய்தவனுக்குத் திருச்சபை கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுத்துவந்த காலம் அது. லுத்தரோ அத்தகையோரைக் காட்டில் கள்வனால் கொலையுண்டவனுக்கு ஒப்பிட்டார். அவர்களெல்லாரும் ஆக்கினைக்குள்ளானவர்கள் எனத் தீர்க்க அவர் உடன்படவில்லை. ஆயினும் இதனைப் பொதுமக்களிடம் பரப்பலாகாது என்றும் எச்சரித்தார். அவ்வெச்சரிப்பில் ஒரு போதகரின் அனுபவத்தைக் காண்கிறோம்.

ஸ்டாக்ஹவுசனுக்கு அவர் எழுதிய ஆறுதற் கடிதம் சிறந்ததே. எனினும் அவர் மனைவிக்கு எழுதிய சிறு கடிதத்தையே நாம் மேலாக மதிக்கிறோம். கணவரை ஒரு நொடியும் தனியே விடலாகாது. அவர் தமக்குத் தீங்கு செய்துகொள்ள உதவும் பொருளொன்றும் அருகில் இருத்தலாகாது. சிந்தனையில் மூழ்கும்படி வீட்டில் அமைதி நிலவவும் கூடாது. அவர் சினந்துகொண்டால் பொருட்படுத்த வேண்டாம். கதைகள், ஊர்ச் செய்திகள், துருக்கரையும் தார்த்தாரியரையும் பற்றிய வீண்வம்புகள்கூட அவருக்குச் சொல்லப்படலாம்; அவர் சிரித்தால் போதும். வேதாகமப் பேராசிரியர் ஒருவர் வம்புப்பேச்சைப் பரிந்துரைப்பதா என நம்மில் சிலர் முகஞ்சுளிக்கலாம். 1527-இன் இருளைக் கடந்தவருக்கு அதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை.