பிஸ்டன் தாங்கிய பாரம்

எஞ்சினுக்குள் காற்றை வலிந்து புகுத்தினால் அதன் ஆற்றல் பெருகும் என்பது இயந்திரவியல் பயிலும் மாணவர் யாவரும் அறிந்த செய்தி. அதை அறிந்தவுடன் அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே உள்ள பிஸ்டன் எத்தனை பவுண்டு மிகையழுத்தத்தைத் தாங்கும்?" என்பதே. கேள்வி நியாயமானது, எனினும் ஒற்றை எண்ணை விடையாக எதிர்பார்ப்பவர் ஏமாற்றம் அடைவர். ஒரே வகை எஞ்சின் சில திங்கள் இடைவெளியில் ஆறேகால் பவுண்டிலிருந்து பன்னிரண்டு பவுண்டுக்கு உயர்த்தப்பட்டு, ஒரு நாட்டின் தலைவிதியையே சுமந்து பறந்த வரலாறு உண்டு.

கழிவு வாயுவின் வேகத்தால் ஒரு சுழலியைச் சுழற்றி, அதனோடு இணைந்த விசிறியால் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டலாம் என்ற கருத்துக்கு, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். இதுவே டர்போசார்ஜர். 1918-இல் அமெரிக்கப் பொறியாளர் சான்போர்ட் மாஸ், லிபர்ட்டி என்னும் விமான எஞ்சினைக் கொலராடோ மாநிலத்துப் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, 14,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்துக்குக் கொண்டு சென்றார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், அங்கே காற்று மெலிந்தமையால் ஏறக்குறைய 230 தான் தந்தது. டர்போசார்ஜரைப் பூட்டியதும் 356 ஆயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாஸ் செய்தது, மலை பறித்துக்கொண்ட காற்றைத் திருப்பிக் கொடுத்ததேயாகும். பிஸ்டன் தரையில் சுமந்த பாரத்தையே மலையிலும் சுமந்தது. தரையிலேயே அதற்கு மேலும் காற்றைத் திணிக்க முற்பட்டபோதுதான் தொல்லை தொடங்கிற்று.

அத்தொல்லையின் பெயர் 'நாக்கிங்'. சுத்தியால் தட்டுவது போன்ற அந்த ஓசையை மோட்டார்ப் பட்டறைகளில் கேட்டிருப்பீர்கள். இதன் உண்மையை ஆராய்ந்து தெளிந்தவர்களுள் தலையானவர் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ. தீப்பொறி பற்றியதும் சிலிண்டரில் உள்ள கலவை ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு ஒழுங்காக எரிந்து செல்ல வேண்டும். ஆனால் கடைசியாக எரியவேண்டிய பகுதி, அதற்குள் அமுக்கப்பட்டுச் சூடேறி, சுடர் வந்து சேருமுன் தானே ஒருங்கே வெடித்துவிடுவதுண்டு. சரவெடி ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பதற்கும், எஞ்சிய சரம் முழுவதும் ஒரே கணத்தில் வெடிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பாருங்கள்.

எரியும் வாயுவின் வெப்பம் 2,000 பாகை சென்டிகிரேடைக் கடந்தது. அலுமினியமோ 660 பாகையில் உருகும். அப்படியிருந்தும் பிஸ்டன் பிழைத்திருப்பதற்கு, அதன் தலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய வாயுப் படலமும், வெப்பத்தைச் சிலிண்டர்ச் சுவருக்குக் கடத்தும் வளையங்களும் காரணம். நாக்கிங்கின் அதிர்ச்சி அலை அப்படலத்தைச் சிதைத்துவிடுகிறது. பிறகு பிஸ்டனின் விளிம்பு அரிக்கப்படும். வளையங்களுக்கு இடையேயுள்ள மெல்லிய வரப்பு உடையும். சில வேளைகளில் தலையிலேயே துளை விழும். ஆகவே பிஸ்டனைக் கொல்வது பெரும்பாலும் சீரான அழுத்தமன்று. நாக்கிங்கும் அதனோடு வரும் வெப்பமுமே.

நோய் புரிந்ததும் மருந்து தேடலாயினர். 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லியின் குழுவினர், சிறிதளவு ஈயக் கூட்டுப்பொருளைப் பெட்ரோலில் கலந்தால் நாக்கிங் அடங்குவதைக் கண்டனர். அம்மருந்து கொடிய நஞ்சு. அதைத் தயாரித்த தொழிலாளர் சிலர் 1924-இல் மாண்டனர். அப்படியிருந்தும் மோட்டார் வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் உலகத்திலிருந்து முற்றிலும் நீங்க 2021 வரை ஆயிற்று. பிஸ்டனைக் காத்த பொருள் தெருவில் நடந்த குழந்தைகளின் மூளையைப் பாதித்தது என்பதை இந்த வரலாற்றில் மறைத்துச் சொல்ல இயலாது.

இனி, தொடக்கத்தில் குறித்த எஞ்சினுக்கு வருவோம். ரோல்ஸ்-ராய்ஸின் மெர்லின், 27 லிட்டர் கொள்ளளவும் பன்னிரண்டு சிலிண்டர்களும் கொண்டது. அதன் காற்றமுக்கியைக் கழிவு வாயு சுழற்றவில்லை. எஞ்சினின் பற்சக்கரங்களே சுழற்றின. எனினும் பிஸ்டனுக்கு வரும் சோதனை ஒன்றே. 87 ஆக்டேன் பெட்ரோலில் அதற்கு விதித்த எல்லை, சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டு மிகையழுத்தம். 1940-இல் பிரிட்டிஷ் போர் விமானங்கள் 100 ஆக்டேன் பெட்ரோலுக்கு மாறின. சிறு திருத்தங்களோடு அதே எஞ்சின் பன்னிரண்டு பவுண்டு வரை அனுமதிக்கப்பட்டது. ஆற்றல் 1,030 குதிரைத்திறனிலிருந்து 1,310 ஆக உயர்ந்தது. ஸ்பிட்ஃபயர் விமானம் தாழப் பறக்கையில் மணிக்கு ஏறக்குறைய 25 மைல் கூடுதல் வேகம் பெற்றது. துரத்தப்படும் விமானிக்கு அந்த இருபத்தைந்து மைலே உயிர்.

ஆனால் இச்சலுகை ஐந்து நிமிடத்துக்கு மட்டுமே. அதுவும் ஆபத்து வேளையில். 1940 ஆகஸ்டுத் தொடக்கத்தில் போர் விமானப் படைத் தளபதி டவுடிங், சில விமானிகள் இதை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள் என்று எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. உயிருக்குப் போராடும் இளைஞன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான் என எதிர்பார்ப்பது சற்று அதிகந்தான்! 1944-இல் இன்னும் உயர்ந்த பெட்ரோலோடும் வலுவூட்டிய உறுப்புகளோடும் மெர்லின் வகைகள் 25 பவுண்டு வரை சென்றன.

போர்க்களத்தில் எரிபொருளைத் தேர்ந்து ஊற்றப் படையே இருந்தது. குடிமகனின் காரில் அது யார் பொறுப்பு? 1962-இல் ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்பனைக்கு விட்டது. மிகையழுத்தம் ஐந்து பவுண்டுதான். ஆனால் எஞ்சினின் அமுக்க விகிதம் 10.25 என்னும் உயர்ந்த அளவில் இருந்தது. நாக்கிங்கை அடக்க, வாலை வடித்த நீரும் மெதனாலும் சேர்ந்த திரவம் தனித் தொட்டியிலிருந்து சிலிண்டருக்குள் தெளிக்கப்பட்டது. உரிமையாளர் பலர் அத்தொட்டியை நிரப்ப மறந்தனர். மறதியை முன்னறிந்த நிறுவனம், தொட்டி வற்றினால் காற்றழுத்தத்தைக் குறைக்கும் தடுப்பை அமைத்திருந்தது. ஆகவே வண்டியின் வேகந்தான் குன்றியது. பலர் டர்போவையே கழற்றிவிட்டனர். 1963-உடன் அதன் கதை முடிந்தது.

இன்றும் பட்டறைகளில், சாதாரண வார்ப்புப் பிஸ்டனுக்கு ஐந்து முதல் ஏழு பவுண்டு வரை போதும் என்பார்கள். அது வழக்காற்று எண், சட்டமன்று. அமுக்க விகிதம், பெட்ரோலின் ஆக்டேன், தீப்பொறி எழும் தருணம் ஆகியவற்றை அறியாமல் அதை நம்புதல் தகாது. முப்பது பாகையிலுள்ள காற்றை இருமடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினாலே அதன் வெப்பம் நூறு பாகையைத் தாண்டிவிடும். ஆதலால் அதைக் குளிர்விக்கும் கருவியும் கணக்கில் சேரும். வளைய நுனிகளின் இடைவெளி போதாவிடில், சூட்டில் அவை முட்டிக்கொண்டு வரப்பைப் பெயர்த்துவிடும். அடித்து உருவாக்கிய பிஸ்டன் வார்ப்புப் பிஸ்டனைவிட அதிர்ச்சியை நன்கு தாங்குமாயினும், நாக்கிங் நீடித்தால் அதுவும் உருகும்.

1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் ஸாப் நிறுவனம், நாக்கிங்கின் அதிர்வை உணரும் கருவியைத் தன் டர்போ எஞ்சினில் பொருத்தியது. தட்டொலி எழுந்தவுடன் கருவி மிகையழுத்தத்தைத் தானே குறைத்தது. அவ்வண்டிக்கு எத்தனை பவுண்டு என்பது, அன்று அதில் ஊற்றிய பெட்ரோலைப் பொறுத்தே அமைந்தது.