மருந்துக்கு ஒரு பதிவேடு

2010 ஆகஸ்டில், கடைசிக் கையிருப்பான கார்பபெனம் மருந்துகளையே சிதைக்கும் ஒரு நொதியைப் பற்றி 'லான்செட் தொற்றுநோய்கள்' இதழ் ஆய்வொன்றை வெளியிட்டது. அந்நொதியைக் கொண்ட கிருமி மாதிரிகளுள் 44 சென்னையில் கிடைத்தவை. நொதியின் பெயரில் புது தில்லி இடம்பெற்றதால் நாட்டின் மானம் குறித்த சர்ச்சையே பெரிதாயிற்று, சென்னை மறக்கப்பட்டது.

2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையிலேயே கூடின. 'சென்னைப் பிரகடனம்' என அறியப்படும் அவர்களது திட்டம், மருந்துக்கடை விற்பனையோடு மருத்துவமனைகளின் ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் நெறிப்படுத்தக் கோரியது. 2014 மார்ச்சில் ஹெச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டுகள் காக்கவேண்டும். அமாக்சிசிலின் போன்ற எளிய மருந்துகள் அதில் சேர்க்கப்படவில்லை. அனைத்தையும் இறுக்கியிருந்தால், மருத்துவர் எட்டாத சிற்றூரார் சாதாரண நிமோனியாவுக்கே பலியாகக்கூடும்.

கடம்பத்தூரில் ஒருநாள் கூலியை இழக்க இயலாத தொழிலாளிக்கு மருந்துக்கடையே மருத்துவமனை. பதிவேடு விற்பனையைச் சொல்லும், தேவையைச் சொல்லாது. கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவு வந்ததும் மருந்தை மாற்றவோ நிறுத்தவோ சொல்லும் கண்காணிப்பு மருத்துவமனைக்குள்தான் இயலும். அம்மருத்துவமனை அவருக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.