இருபது நாள் ஸ்வெட்டர்

மே மாதச் சென்னையில், ஃபேன் காற்று போதாமல் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒரு கம்பளி ஸ்வெட்டரை விடியவிடியப் பார்த்திருக்கிறேன். ஸ்வெட்டருக்குள் ஒரு பெண் போலீஸ் அதிகாரி இருந்தார். அவரைச் சுற்றிக் கோபன்ஹேகன் நகரம், நவம்பர் மாதம், விடாத மழை. இன்னும் ஒரே ஒரு எபிசோடு, அதோடு படுத்துவிடலாம் என்று நினைப்பேன். கீழே பால் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்கும்.

தொடரின் டேனிஷ் பெயர் ‘ஃபோர்ப்ரூடெல்சன்’. குற்றம் என்று பொருள். வெளியுலகம் அதை ‘தி கில்லிங்’ என்று அறியும். தூக்கத்தைக் கெடுத்த கொலைத் தொடர்கள் வேறு பலவும் உண்டு. ஆனால் ஒரு தொடர் எதனால் இப்படிக் கட்டிப்போடுகிறது என்று யோசித்தால், எனக்கு அந்த ஸ்வெட்டரில்தான் போய் முடிகிறது. ஆகவே அதன் கதையையே சொல்லிவிடுகிறேன்.

அது ஆட்டில் தொடங்கும் கதை. ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, வட அட்லாண்டிக்கில் 18 தீவுகள் கொண்ட கூட்டம் ஒன்று இருக்கிறது: ஃபேரோ தீவுகள். டேனிஷ் முடியரசுக்கு உட்பட்ட தன்னாட்சிப் பகுதி. ஃபேரோ என்ற பெயருக்கே செம்மறித் தீவு என்றுதான் பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். மனிதர்கள் ஐம்பதாயிரம் சொச்சம். செம்மறிகள் எழுபதாயிரம் அளவில். மரம் அபூர்வம், புல் தாராளம், காற்றும் தூறலும் நித்தியம். ‘கம்பளியே ஃபேரோவின் தங்கம்’ என்று அந்த ஊரில் பழமொழியே உண்டு. 1856 வரை அந்தத் தீவுகளின் வணிகம் முழுக்க டேனிஷ் அரசின் ஏகபோகமாக இருந்தது. அந்தக் காலத்தில் அங்கிருந்து கப்பலேறிய முக்கியச் சரக்குகள் பின்னிய காலுறைகளும் ஸ்வெட்டர்களும்தான். குளிர்கால இரவுகளில் ஆண்களும் பெண்களும் கூடி உட்கார்ந்து பின்னினார்கள். வீட்டுக்கு வீடு, தீவுக்குத் தீவு மாறிய பூவேலைகளை ஹான்ஸ் எம். டெபஸ் என்பவர் தேடித் திரட்டி 1932இல் நூலாகவே போட்டார். தீவுக்காரர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

அந்தப் பின்னலின் சூட்சுமம் உள்பக்கத்தில் இருக்கிறது. இரண்டு நிற நூலை ஒரே வரிசையில் பின்னும்போது, வெள்ளைக்கு வேலை இருக்கும் இடத்தில் கறுப்பு நூல் பின்னால் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். பூ பெரிதானால் அந்த ஓட்டமும் நீளும். சட்டையைப் போடும்போது விரல் மாட்டி இழுத்துவிடும். ஃபேரோ பின்னலில் பூக்கள் பொடி. சில கண்ணிகளுக்கு ஒருமுறை நிறம் மாறிவிடுவதால் பின்பக்க நூல் நீள இடமில்லை. துணியைத் திருப்பிப் பார்த்தால் நெருக்கமாக இன்னொரு அடுக்கு போர்த்தியதுபோல் இருக்கும். வெளியே அழகு, உள்ளே இரட்டைக் கனம். ரோமத்தில் இயல்பாக உள்ள எண்ணெய்ப் பசை, சிறு தூறலை உருட்டித் தள்ளிவிடும். திறந்த படகில் மீன்பிடிக்கப் போகிறவனுக்காகப் பிறந்த உடுப்பு.

அந்த மீனே பிறகு கம்பளியை விழுங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் தீவுகள் மீனில் பிழைக்கத் தொடங்கின. ஆட்டை இறைச்சிக்காக வைத்துக்கொண்டார்கள். ரோமம் விலைபோகாமல் குவிந்தது, பலர் அதைக் கொளுத்தவும் செய்தார்கள். தங்கம் என்று பழமொழி சொன்னதைக் குப்பையோடு எரித்த அந்தக் காலத்தில்தான் குட்ருன் என்ற ஒரே பெயர் கொண்ட இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். வடிவமைப்பு ஒருவர், வியாபாரம் மற்றவர். நிறுவனத்தின் பெயரும் ‘குட்ருன் அண்ட் குட்ருன்’தான். ஊசியும் நூலும் கொடுத்தால் பாட்டிமார் கை தானாகப் பின்னும். அந்தக் கையை நம்பி, பழைய பூவேலையை உடம்போடு ஒட்டிய புதிய வெட்டில் கொண்டுவந்தார்கள். தந்த வெள்ளை நிறம், அதில் வரிசை வரிசையாகச் சின்னக் கறுப்பு நட்சத்திரங்கள். அந்த ஸ்வெட்டர் இப்படித்தான் பிறந்தது. அப்போது அதற்குப் போலீஸ் வேலை கிடைக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதைக் கோபன்ஹேகன் படப்பிடிப்புக்குள் கொண்டுபோனதில் பெரிய பங்கு நடிகை ஸோஃபி க்ரோபலுக்கு. 1968இல் பிறந்தவர். எழுபதுகளில் டென்மார்க்கின் இடதுசாரி, ஹிப்பி இளைஞர்களின் சீருடையே இந்த மாதிரிக் கம்பளிச் சட்டைதான். தன் பெற்றோரும் தானும் அதைப் போட்ட நினைவு அவருக்கு இருந்தது. கூடி வாழ்வதில் நம்பிக்கை வைத்த ஒரு தலைமுறையின் உடுப்பை, யாரோடும் கூட முடியாத ஒரு பெண்ணுக்கு மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? கோட்டு சூட்டு இல்லை. குதிகால் செருப்பு இல்லை. தன் உடம்பை வைத்து ஒரு வேலையும் சாதிக்கத் தேவையில்லாத பெண். ஸாரா லுண்ட் என்ற அந்த அதிகாரியாக நடிக்கத் தனக்குத் தெரிந்த ஆண்களைத்தான் கவனித்ததாக க்ரோபல் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உணர்ச்சியை வார்த்தையாக்கத் தெரியாத ஆண்களை.

இனி கடிகாரத்துக்கு வருகிறேன். தொடரை எழுதியவர் சோரன் ஸ்வைஸ்ட்ரப். டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டி.ஆர். 2007 ஜனவரியில் அதை ஞாயிறு இரவுகளில் காட்டத் தொடங்கியது. ஒரு கொலை, 20 எபிசோடு. ஒரு எபிசோடுக்கு ஒரு நாள். இதே அளவு கதையை வேறு தொடர்கள் ஒரு மணி நேரத்தில் பிணம் முதல் கைவிலங்கு வரை முடித்துவிடும். முதல் நாள்தான் ஸாரா லுண்டுக்குக் கோபன்ஹேகன் போலீஸில் கடைசி நாள். மகனோடு ஸ்வீடனுக்குக் குடிபெயர்கிறார். காதலர் அங்கே, புது வேலை அங்கே, பெட்டி கட்டியாயிற்று. அவருடைய நாற்காலிக்கு யான் மையர் என்ற ஆளும் வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து நானா பிர்க் லார்சன் என்ற 19 வயதுப் பெண்ணைக் காணவில்லை. ‘இன்னும் ஒரு நாள் மட்டும்’ என்கிறார் லுண்ட். அடுத்த நாளும் அதையே சொல்கிறார்.

அதனால்தான் அந்த ஸ்வெட்டர் மாறுவதே அபூர்வம். மாற்றுத்துணி பெட்டிக்குள். பெட்டி எங்கேயோ. அவர் வீட்டுக்குப் போகவில்லை, தூங்கவில்லை, மகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்பதை யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தருகே தொய்ந்துபோன பின்னலே சொல்லிவிடும். சோபாவில் அதே பனியனோடு மூன்றாவது இரவாக உட்கார்ந்திருந்த எனக்கு, ‘இன்னும் ஒரு நாள்’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு வரும். நானும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கட்டிப்போட்டது லுண்ட் மட்டும் இல்லை. முதல் எபிசோடின் முடிவைச் சொல்கிறேன்; கொலைகாரன் யார் என்பதை இதில் எங்கும் சொல்லப்போவதில்லை, பயப்பட வேண்டாம். தண்ணீரிலிருந்து ஒரு கார் வெளியே இழுக்கப்படுகிறது. நகர மேயர் பதவிக்குப் போட்டியிடும் ட்ரூல்ஸ் ஹார்ட்மனின் தேர்தல் அலுவலகக் கார் அது. நானாவின் அப்பா டைஸ், வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் வண்டித் தொழில் நடத்துபவர், பெரிய உருவம், மகளைத் தேடி அலைந்தபடி அங்கே வந்து சேர்கிறார். காதில் போன். மறுமுனையில் மனைவி பெர்னில்லே. டைஸ் போனை வைக்கவில்லை. காரின் பின்பெட்டியில் இருப்பது யார் என்று அவருக்குப் புரியும் நொடியில் எழும் அலறல், வீட்டில் நிற்கும் பெர்னில்லேயின் காதுக்குள் போய் விழுகிறது. கேமரா பிணத்தைவிட அந்தப் போனுக்குத்தான் அதிக நேரம் கொடுக்கிறது.

அதன்பின் 19 எபிசோடு அந்த வீட்டை விட்டு விலகுவதே இல்லை. சவப்பெட்டி தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு சின்னப் பையன்களிடம் அக்கா இனி வரமாட்டாள் என்று சொல்ல வேண்டும். குடும்பத்துக்குச் சொல்லாமல் டைஸ் ஆசையாக வாங்கி வைத்திருந்த புது வீட்டை என்ன செய்வது? மற்ற கொலைக் கதைகளில் அழுதுவிட்டுப் போகும் தாயும் தகப்பனும் இங்கே கதையில் மூன்றிலொரு பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொரு பங்கு நகர மன்றத்து அரசியல். மிச்சம்தான் போலீஸ். சந்தேகம் ஒரு பள்ளி ஆசிரியர் மேல் விழும்போது நாமும் அவரை வெறுக்கிறோம். தவறு என்று தெரியவரும்போது அவர் வாழ்க்கை ஏற்கெனவே கிழிந்திருக்கிறது, நம் கையிலும் ஒரு முனை இருக்கிறது. பிடித்த ஆளை விட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடும் விளையாட்டை எல்லாத் தொடரும் ஆடும்; விட்டுவிடப்பட்ட ஆளுக்கு என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்க்கும் தொடர் குறைவு.

படப்பிடிப்பு நடக்க நடக்கத்தான் ஸ்வைஸ்ட்ரப் எழுதினார். நடிகர்களுக்கு எபிசோடு எபிசோடாகவே கைப்பிரதி கிடைத்தது. கொலைகாரன் யாரென்று க்ரோபலுக்கே தெரியாது, ‘நீதானா?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்களாம். யாரும் குற்றவாளி முகத்தைத் தயார்செய்து வைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு எபிசோடின் கடைசி நிமிடத்திலும் ஃபிரான்ஸ் பாக்கின் இசை மெல்ல ஏற, வீடு, நகர மன்றம், போலீஸ் அலுவலகம் என்று ஒவ்வொரு முகமாகக் காட்டுவார்கள். எல்லா முகமும் எதையோ மறைக்கிற மாதிரியே தோன்றும். அங்கேதான் என் கை ரிமோட்டைத் தேடும்.

குறையும் உண்டு. லுண்ட் இருட்டுக் கிடங்குக்குள் டார்ச்சோடு தன்னந்தனியாகப் போகாத எபிசோடை விரல்விட்டு எண்ணலாம். நடுவில் நகர மன்றக் கூட்டணிப் பேரங்கள் இழுக்கின்றன. நான் இரண்டு முறை அந்த இடத்தில்தான் தூங்கினேன். ஆனாலும் 55 லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் வாரத்துக்கு 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். பத்து எபிசோடு முடிந்ததும் மார்ச்சில் நிறுத்தி, மீதியைச் செப்டம்பரில் தொடங்கினார்கள். அந்த ஆறு மாதத்தை அவர்கள் எப்படிக் கழித்தார்களோ. எனக்கு ஆறு நிமிடமே பெரிது.

ஸ்வெட்டர் கடல் தாண்டியது 2011 ஜனவரியில். பிபிசி ஃபோர் சேனல் சனிக்கிழமை இரவுகளில் இரண்டிரண்டு எபிசோடாக, டேனிஷ் மொழியிலேயே, அடியில் ஆங்கில எழுத்தோடு போட்டது. சப்டைட்டில் என்றால் ஓடிவிடும் ஆட்கள் என்று பெயரெடுத்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். ஓடவில்லை. இதில் ஒரு சூட்சுமம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: படித்தே ஆகவேண்டிய தொடரை, போனைத் தடவிக்கொண்டோ வெங்காயம் நறுக்கிக்கொண்டோ பார்க்க முடியாது. கண்ணை எடுத்தால் கதை போச்சு. அந்தக் கட்டாயக் கவனத்துக்கு முன்னால் ஸாரா லுண்டின் வாயைவிட ஸ்வெட்டர்தான் அதிகம் நின்றது. பேசுவதும் குறைவுதானே அவர்.

உடனே கேள்வி வந்தது, எங்கே கிடைக்கும்? 200 பவுண்டுக்கு மேல் விலை. கையால் பின்னுவது என்பதால் கேட்ட வேகத்துக்குக் கொடுக்கவும் முடியாது. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் தொடரை நிறுத்தி நிறுத்தி நட்சத்திரத்தின் கண்ணிகளை எண்ணித் தாங்களே பின்னத் தொடங்கினார்கள். கொலைத் தொடர் பார்த்துவிட்டு ஊசி வாங்கப் போன கூட்டம்! அந்த ஆண்டு தொடருக்கு பாஃப்டாவின் சர்வதேச விருது கிடைத்தது. கிறிஸ்துமஸில் ‘ஆப்ஸல்யூட்லி ஃபேபுலஸ்’ நகைச்சுவைத் தொடரில் க்ரோபல் லுண்டாகவே ஒரு நிமிடம் வந்துபோனார், ஸ்வெட்டரும் கூட. 2012 மார்ச்சில் கணவர் சார்ல்ஸோடு டென்மார்க் வந்த கமிலா, படப்பிடிப்புத் தளத்தைப் போய்ப் பார்த்தார். க்ரோபல் அவர் கையில் ஒரு ஸ்வெட்டரைக் கொடுத்தார். கொளுத்திய கம்பளி, பின்னாளில் ராணியாகப் போகிறவர் மடிக்கு வந்துவிட்டது.

அமெரிக்கப் பயணம் அவ்வளவு சுகமில்லை. 2011இல் ஏஎம்சி சேனல் கதையை மழை நகரமான சியாட்டிலுக்கு மாற்றியது. லுண்ட் லிண்டன் ஆனார். நடித்தவர் மிரேயில் ஈனோஸ். கம்பளி மாறவில்லை. 13 எபிசோடு ஓடி, சீசன் முடியும் இரவில் கொலைகாரனைச் சொல்லாமலே திரையை இறக்கினார்கள். பார்வையாளர்கள் கொதித்துப்போனார்கள், நியாயம்தான். டென்மார்க்கிலும் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் அதே ஆண்டில் முடித்துக் கொடுத்தார்கள். மொய் எழுதியவனுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்பினால் அடுத்த விசேஷத்துக்கு யார் வருவார்? இரண்டாம் சீசனில் க்ரோபலே ஒரு காட்சியில் வந்தார், அரசு வழக்கறிஞராக. ஸ்வெட்டருக்கு இடமில்லாத வேடம்.

2025இல் அதே கதை இந்திக்கு வந்தது, ‘சர்ச்: தி நைனா மர்டர் கேஸ்’ என்ற பெயரில். கொங்கனா சென் சர்மா நடிக்கிறார். கதை நடப்பது மும்பைப் பக்கம். தேர்தல் இருக்கிறது, மூழ்கிய பெண் இருக்கிறாள், வேலையை விட்டுப்போக நினைத்து முடியாமல் நிற்கும் போலீஸ் அதிகாரி இருக்கிறார். நான் முதல் எபிசோடில் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைத்தான் பார்த்தேன். அந்தப் புழுக்கத்தில் கம்பளியை எங்கே போடுவது?